கடிகாரம் முதலில் பறிப்பது எதை?

நொடிகள் கரையும்போது செஸ் மேதைகளின் மூளைக்குள் என்ன நடக்கிறது? சோச்சி முதல் சிங்கப்பூர் வரை, பட்டங்களைத் தீர்மானித்த சில நிமிடங்களின் கதை.

2014 நவம்பர் 15. ரஷ்யாவின் சோச்சி நகரில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். நடப்பு சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனுக்கு வெள்ளைக் காய்கள். ஓராண்டுக்கு முன் சென்னையில் அவரிடம் பட்டத்தைப் பறிகொடுத்த விஸ்வநாதன் ஆனந்துக்குக் கறுப்பு. ஐந்து ஆட்டங்கள் முடிந்து ஆளுக்கு இரண்டரைப் புள்ளி. ஆறாவதில் கார்ல்சன் கை ஓங்கியிருந்தது, ஆனந்த் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் தன் ராஜாவை டி2 கட்டத்துக்கு நகர்த்தினார். பார்க்க ஒன்றுமில்லாத நகர்த்தல். ஆனால் ராஜா அங்கே வந்து நின்றதும் ஒரு ஓட்டை திறந்தது. கறுப்புக் குதிரை இ5-ல் இருந்த சிப்பாயை வெட்டலாம். பதிலுக்கு வெள்ளை ஒரு யானையை வெட்டினால், குதிரை சி4-ல் இன்னொரு சிப்பாயை வெட்டிக்கொண்டே ராஜாவுக்கு செக் வைக்கும். ராஜா விலகியே ஆக வேண்டும். அதன் பிறகு யானைக்கு யானையை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். கணக்குத் தீர்ந்தால் கறுப்புக்கு இரண்டு சிப்பாய் லாபம், ஆட்டம் தலைகீழ். கோடை முகாமில் செஸ் கற்கும் பையனிடம் இதையே புதிராகக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவான்.

ஆனந்த் ஏறத்தாழ ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தன் ஏ வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினார். ராஜாவை வைத்த மறுகணமே தன் தவறு புரிந்து உறைந்துபோயிருந்த கார்ல்சனுக்கு உயிர் வந்தது. ஆனந்துக்கும் அப்போதுதான் புரிந்தது. எதிர்பார்க்காத பரிசு கையில் வந்து விழுந்தால் சில சமயம் வாங்கிக்கொள்ளத் தோன்றுவதில்லை என்ற பொருளில் பின்னர் பேசினார். அந்த ஆட்டத்தை கார்ல்சன் வென்றார், பிறகு தொடரையும்.

இத்தனைக்கும் ஆனந்துக்கு அப்போது நேரத் தட்டுப்பாடு எதுவுமில்லை. கடிகாரத்தில் நிமிடங்கள் இருந்தன. அவர் அவற்றைச் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மேதை நேரத்தை எதற்காகப் பயன்படுத்துகிறார் என்ற கேள்விக்கு, நேரம் இருந்தும் பயன்படுத்தாமல் விட்ட இந்த ஒரு நிமிடத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

பத்து நகர்த்தல் முன்கூட்டியே?

செஸ் வீரர்களைப் பற்றி நம்மிடையே ஒரு பழைய பிரமை உண்டு. ‘பத்து நகர்த்தல், இருபது நகர்த்தல் முன்கூட்டியே யோசிப்பார்கள்’ என்பது. டச்சு உளவியலாளர் ஆட்ரியான் டி க்ரூட் இதைத்தான் முதலில் சோதித்தார். அவரே ஒலிம்பியாடில் நெதர்லாந்து அணிக்கு ஆடியவர். 1938-ல் நெதர்லாந்தில் ஏவிஆர்ஓ செஸ் போட்டி நடந்த காலத்தில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் சிலரை உட்காரவைத்து, ஒரு நிலையைக் காட்டி, ‘யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே யோசியுங்கள்’ என்றார். அலெகைன், கெரஸ், யூவ் போன்ற பெரிய தலைகள் ஒரு பக்கம், உள்ளூர் கிளப்புகளின் நல்ல ஆட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி அலசி, 1946-ல் ஆய்வேடாக வெளியிட்டார்.

அவர் எதிர்பார்த்த வித்தியாசம் கிடைக்கவில்லை. கிராண்ட்மாஸ்டர்கள் அப்படியொன்றும் அதிக ஆழம் போகவில்லை. அதிக நகர்த்தல்களையும் பரிசீலிக்கவில்லை. கிளப் ஆட்டக்காரர்களும் கிட்டத்தட்ட அதே அளவு கணக்குப் போட்டார்கள். ஆனால் தவறான நகர்த்தல்களை எடுத்து வைத்துக்கொண்டு போட்டார்கள். மேதைகளோ தொடக்கத்திலேயே சரியான இடத்தில் நின்றார்கள். பலகையைப் பார்த்த முதல் சில நொடிகளிலேயே, எது பிரச்சினை, எந்த இரண்டு மூன்று நகர்த்தல்களை மட்டும் பார்த்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

1973-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் இதையே இன்னொரு கோணத்தில் துருவினார்கள். சைமன் பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர். நிஜ ஆட்டத்தின் நடுக்கட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்து, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். சுமார் 25 காய்களில் மாஸ்டர் முதல் தடவையிலேயே 16 காய்களைச் சரியாக வைத்தார். நடுத்தர ஆட்டக்காரர் 8. புதியவர் 4. அடுத்து அதே காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினார்கள். மாஸ்டரின் சாகசம் அங்கேயே முடிந்தது. புதியவர் அளவுக்கு இறங்கிவிட்டார்.

ஆக, அபார ஞாபகசக்தி என்று ஒன்று தனியாக இல்லை. தினசரியின் தலைப்பை நாம் யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை அல்லவா, அதுபோல மாஸ்டர் கூட்டம் கூட்டமாகக் காய்களைப் ‘படிக்கிறார்’. கோட்டை கட்டிய ராஜா, அதற்கு முன்னால் மூன்று சிப்பாய்கள், பக்கத்தில் குதிரை: இது அவருக்கு ஐந்து காய் அல்ல, ஒரே உருவம். இப்படிப் பல்லாயிரம் உருவங்கள் ஒரு மாஸ்டரின் தலைக்குள் இருக்கும் என்று சைமன் மதிப்பிட்டார். ஒவ்வொரு உருவத்தோடும் ‘இங்கே இதைச் செய்’ என்ற யோசனையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

1997-ல் கேரி காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ கணினி நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. காஸ்பரோவ் நொடிக்கு எத்தனை அலசியிருப்பார்? ஒன்றோ, இரண்டோ, அதுகூட இல்லையோ. ஆனாலும் ஆறு ஆட்டத் தொடர் கடைசி ஆட்டம் வரை சமநிலையில்தான் போனது. அந்த இடைவெளியை நிரப்பியது முழுக்க இந்தப் பார்வைதான்.

வேகத்தில் என்ன குறைகிறது?

பார்வைதான் எல்லாம் என்றால் நேரம் எதற்கு? மூன்று நிமிட பிளிட்ஸிலும் மேதை மேதையாகவே ஆட வேண்டுமே?

ஓரளவுக்கு ஆடவும் செய்கிறார். 1988-ல் ராபர்ட்டா கால்டர்வுட், கேரி க்ளைன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மாஸ்டர்களையும் நடுத்தர ஆட்டக்காரர்களையும் வழக்கமான நேரத்திலும் பிளிட்ஸிலும் ஆடவிட்டு நகர்த்தல்களின் தரத்தை அளந்தார்கள். அவசரத்தில் நடுத்தர ஆட்டக்காரர்களின் தரம் சரிந்தது. மாஸ்டர்களுக்குச் சரிவு குறைவு. இதே க்ளைன்தான் தீயணைப்பு அதிகாரிகளிடம் பேசி, அவர்கள் நெருப்பின் நடுவே நாலு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுப்பதில்லை, தோன்றும் முதல் வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள் என்று கண்டவர். செஸ்ஸிலும் நல்ல ஆட்டக்காரருக்கு முதலில் தோன்றும் நகர்த்தல் பெரும்பாலும் மோசமாக இருப்பதில்லை.

நம்ம ஊர் உதாரணம் ஆனந்த். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் சிறுவனாக ஆடியபோது, பிளிட்ஸில் ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எழுந்திருக்க விருப்பமில்லாத பையன் வேகமாக ஆடக் கற்றுக்கொண்டான். எதிராளிகள் இரண்டு மணி நேரம் மென்று தின்ற ஆட்டங்களை அவர் அரை மணியில் முடித்தார் என்று அந்தக் காலத்தில் அதிசயித்தார்கள். 2003-லும், 48 வயதில் 2017 ரியாத்திலும் ரேபிட் (விரைவு ஆட்டம்) உலகப் பட்டம் அவரிடம் வந்தது. 2012-ல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுக்கு எதிராக உலகப் பட்டத்தை அவர் தக்கவைத்ததும் சமநிலையை முறிக்கும் ரேபிட் டைபிரேக்கரில்தான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் ‘உள்ளுணர்வே கடவுள்’ என்று எழுதுவது எளிது. நிறைய பேர் எழுதிவிட்டார்கள். 2003-ல் கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ், எலியட் ஹெர்ஸ்ட் இருவரும் கிராண்ட்மாஸ்டர்களின் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கணினிக்குக் கொடுத்துத் தவறுகளை எண்ணினார்கள். வசதியாக, மொனாக்கோவில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடந்துவந்தது. ஒரே ஆட்டக்காரர்கள் ஒரு ரேபிட் ஆட்டத்தைப் பலகையைப் பார்த்து ஆடுவார்கள், இன்னொன்றைப் பார்க்காமலே மனக்கண்ணில் ஆடுவார்கள். கணக்கு என்ன சொன்னது? நேரம் நிறைய உள்ள கிளாசிக்கல் ஆட்டத்தில் தவறுகள் குறைவு. ரேபிட்டில் தெளிவாக அதிகம். வேடிக்கை என்னவென்றால், ரேபிட்டில் பலகையைப் பார்த்து ஆடினாலும் பார்க்காமல் ஆடினாலும் பெரிய வித்தியாசமில்லை. கிராண்ட்மாஸ்டரிடமிருந்து பலகையையே எடுத்துக்கொள்ளலாம், சமாளிப்பார். நேரத்தை எடுத்தால்தான் இடறுகிறார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நேரம் குறையும்போது யோசனை வருவது நிற்பதில்லை. நல்ல நகர்த்தல் ஒரு நொடியிலேயே வந்து நிற்கும். போய்விடுவது அதற்கு அடுத்த வேலை. ‘இதை வைத்தால் எதிராளி என்ன செய்வான்? நான் எதைக் கவனிக்கவில்லை?’ என்று ஒருமுறை சந்தேகப்படும் வேலை. கடிகாரம் முதலில் பறிப்பது அந்தச் சந்தேகத்தைத்தான்.

நாற்பதாவது நகர்த்தல்

2024 உலக சாம்பியன்ஷிப்பில் இருந்த விதி: முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடங்கள். 40-ஐத் தாண்டினால் இன்னும் 30 நிமிடங்கள் கிடைக்கும். 41ஆவதிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடும். அந்த முதல் 40-க்குள் ஒரு நொடிகூடச் சேராது. 120-ஐ 40-ஆல் வகுத்தால் நகர்த்தலுக்கு மூன்று நிமிடம். யாரும் அப்படி வகுத்து ஆடுவதில்லை. ஒரே நகர்த்தலுக்கு அரை மணி, முக்கால் மணி போய்விடும். பிறகு 30ஆவது நகர்த்தலில் நிமிர்ந்து பார்த்தால் மிச்சம் நான்கே நிமிடம். ஆட்டக்காரர்கள் பேச்சில் இதற்கு ‘டைம் டிரபிள்’ என்று பெயர்.

அந்த நேரத்தில் ஓர் ஆட்டக்காரரின் ஸ்கோர்ஷீட்டைப் பார்க்க வேண்டும். முதல் இருபது வரிகள் பள்ளிக்கூட நோட்டுப்போல இருக்கும். முப்பதைத் தாண்டினால் கிறுக்கல். நொடிகள் கூடாத ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடங்களில் எழுத வேண்டாம் என்று விதியே விலக்குக் கொடுக்கிறது. அதனால் வெறும் கோடுகளாக, டிக் அடையாளங்களாக இருக்கும். எத்தனையாவது நகர்த்தல் என்பதே மறந்துபோய், நாற்பதைத் தாண்டியும் பதற்றத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது விதி. அந்தக் கையின் நடுக்கம் கேமராவில் தெரியும்.

சிலருக்கு இது ஒரு வியாதி. பழைய அமெரிக்க மேதை சாமுவேல் ரெஷெவ்ஸ்கி அப்படி. நம் காலத்தில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கிரிஷ்சுக். கிரிஷ்சுக் மூன்று முறை பிளிட்ஸ் உலக சாம்பியன். மூன்று நிமிடத்தில் யாரையும் சாய்க்கத் தெரிந்தவர், இரண்டு மணி நேரம் கொடுத்தால் அதில் பெரும்பகுதியைப் பாதி ஆட்டத்துக்குள் தின்றுவிட்டு மிச்சத்தைப் பிளிட்ஸாக ஆடுவார். வேகமாக யோசிக்கத் தெரிவதும் நேரத்தைப் பங்கிடத் தெரிவதும் வேறு வேறு திறமைகள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். என் அபிப்பிராயத்தில், ஒரு கிராண்ட்மாஸ்டர் ஓர் ஆட்டத்தில் எடுக்கும் மிகப் பெரிய முடிவு எந்தக் காயை நகர்த்துவது என்பதல்ல. எந்த நகர்த்தலில் நேரத்தைக் கொட்டுவது என்பது. அதை யாரும் ஸ்கோர்ஷீட்டில் எழுதுவதில்லை.

ஜெர்மனியில் நடந்த போட்டிகளை வைத்து ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. அரங்கின் காற்றில் நுண்துகள் மாசு கூடிய நாட்களில் ஆட்டக்காரர்கள் அதிகம் தவறினார்கள்; அந்தப் பாதிப்பு பலமாகத் தெரிந்தது நாற்பதாவது நகர்த்தலை நெருங்கும் அவசரத்தில்தான். சாதாரண நேரத்தில் மூளை ஈடுகட்டிவிடும் சின்னச் சின்னக் குறைகளெல்லாம் கடிகாரம் நெருக்கும்போது வெளியே வருகின்றன.  

தெரிந்ததே திரையாகும்போது

மேதையின் பார்வை இன்னொரு விதத்திலும் அவரை ஏமாற்றும். மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியோட், ஃபெர்னாண்ட் கோபே ஆகிய மூவர் 2008-ல் வெளியிட்ட சோதனை இது. ஒரு நிலையில் இரண்டு வழிகளில் செக்மேட் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த, ராணியைப் பலிகொடுத்துக் குதிரையால் முடிக்கும் ஐந்து நகர்த்தல் வழி. மற்றது அவ்வளவாகப் பழக்கமில்லாத மூன்று நகர்த்தல் வழி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் முதலாவதை உடனே கண்டுபிடித்தார்கள். ‘இதைவிடக் குறுகிய வழி இருக்கிறதா, தேடுங்கள்’ என்றால் ‘தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்றார்கள். கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவி வேறு கதை சொன்னது. அவர்கள் கண்கள் முதல் யோசனைக்குரிய கட்டங்களையே சுற்றிச் சுற்றி வந்தன. பழக்கமான வழியை அடைத்துவிட்டு அதே நிலையைக் கொடுத்தபோது குறுகிய வழி அவர்களுக்கும் தெரிந்தது. பொய் சொல்லவில்லை, தேடுவதாக அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

2006 நவம்பரில், அப்போதைய உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் கணினியோடு ஆடினார். இரண்டாவது ஆட்டத்தில், நேர நெருக்கடி எதுவும் இல்லாமல், நிதானமாக ராணியை நகர்த்தினார். அடுத்த நகர்த்தலில் கணினி செக்மேட். ஒரே நகர்த்தலில் விழும் செக்மேட்டை உலக சாம்பியன் பார்க்கவில்லை! காரணம், செக்மேட் வைத்த ராணிக்குத் துணை நின்ற குதிரை இருந்தது எஃப்8-ல், பலகையின் கடைசி வரிசையில். அங்கே நிற்கும் குதிரை ஹெச்7-ஐக் காப்பது அபூர்வமான அமைப்பு. அவர் தலைக்குள் இருந்த பல்லாயிரம் உருவங்களில் அது இல்லை, அல்லது வெகு ஆழத்தில் கிடந்தது.

பார்வை கைவிடும் இந்த மாதிரி இடங்களில் காப்பாற்றக்கூடியது சந்தேகம் மட்டும்தான். அதற்கு நேரமும் வேண்டும், தெம்பும் வேண்டும்.

டிங்கின் நான்கு முகங்கள்

இதையெல்லாம் ஒரே மனிதரிடம் பார்க்க வேண்டுமானால் சீனாவின் டிங் லிரெனைப் பாருங்கள்.

2023-ல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் இயான் நெப்போம்னியாச்சியோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். ஏழாவது ஆட்டத்தில் நாற்பதாவது நகர்த்தலை நெருங்கும்போது கையில் சில நிமிடங்களே. இன்னும் பல நகர்த்தல்கள் பாக்கி. ஆடுவார் ஆடுவார் என்று உலகமே பார்த்துக்கொண்டிருக்க, கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. பிறகு வைத்த நகர்த்தல் தவறு, ஆட்டம் போனது. நேரம் இல்லாதபோது மிதமிஞ்சிச் சந்தேகப்பட்டால் இப்படியும் ஆகும்.

அதே தொடர், ஏப்ரல் 30, ரேபிட் டைபிரேக்கரின் நான்காவது ஆட்டம். கறுப்பில் டிங். கையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. நெப்போம்னியாச்சி செக் வைத்துக்கொண்டே இருந்தார். ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்தினால் டிரா, பிறகு பிளிட்ஸ். யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். டிங் தன் யானையைக் கொண்டுவந்து ராஜாவுக்கு முன்னால், எதிரியின் தாக்குதல் கோட்டிலேயே நிறுத்தினார். தன் காயைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் நகர்த்தல் அது, 46ஆவது. வர்ணனையாளர்கள் வாய் பிளந்தார்கள். அந்த ஆட்டத்தை வென்று உலக சாம்பியன் ஆனார். ஐந்து நாள் யோசித்தாலும் பலருக்குத் தோன்றாத நகர்த்தல், அவருக்குத் தொண்டைக்குழியில் கத்தி இருந்தபோது தோன்றியது.

பிறகு 2024, சிங்கப்பூர், செந்தோசா தீவு. எதிரே சென்னையின் 18 வயது குகேஷ். மூன்றாவது ஆட்டத்தில் டிங் 37ஆவது நகர்த்தலில் நேரம் தீர்ந்தே தோற்றார். நிலைமையும் அப்போது மோசம்தான். என்றாலும் உலக சாம்பியன் ஒருவர் கடிகாரத்தில் தோற்பதை அடிக்கடி பார்க்க முடியாது. பதினொன்றாவது ஆட்டத்தில் ராணியைத் தப்பான கட்டத்தில் வைத்து ஒரே அடியில் வீழ்ந்தார். அடுத்த ஆட்டத்திலேயே அற்புதமாக ஆடிப் பதிலடி கொடுத்தார். 13 ஆட்டங்கள் முடிந்து சமநிலை.

டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். டிரா ஆனால் மறுநாள் ரேபிட் டைபிரேக்கர். ரேபிட்டில் டிங்கின் கை ஓங்கும் என்பதே பொதுவான கணிப்பு. அதனால் வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டும் காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு டிராவை நோக்கியே போனார். ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப், கொஞ்சம் சிப்பாய்கள் என்ற நிலை. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். கணினி ‘டிரா’ என்றது. ஆனால் குகேஷ் விடவில்லை. மணிக்கணக்கில் டிங்கைத் தற்காத்துக்கொண்டே இருக்க வைத்தார்.

55ஆவது நகர்த்தல். டிங் யானையை எஃப்2-வுக்குக் கொண்டுவந்து, ‘வா, யானைகளை மாற்றிக்கொள்வோம்’ என்றார். முடித்துவிடும் ஆசை. ஆனால் அவருடைய பிஷப் அப்போது நின்றது பலகையின் மூலையில், ஏ8 கட்டத்தில். யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-ல் வைத்தால், மூலையிலிருக்கும் பிஷப்புக்குத் தப்பிக்க வேறு கோடே இல்லை. அதே மூலைவிட்டத்தில்தான் நகர முடியும். பிஷப்புகளும் மாறியே தீரும். பிறகு மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ளவர் ஜெயிக்கும் நிலை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி குகேஷின் பக்கம். அவரும் முதலில் இதைக் கவனிக்கவில்லை என்று பின்னர் சொன்னார். வேறு ஒரு யானை நகர்த்தலை வைக்கத்தான் இருந்தார். சோச்சியில் ஆனந்துக்கு நடந்தது மறுபடி நடக்க ஒரு மயிரிழை. ஆனால் அவர் கை போகவில்லை. இன்னொரு முறை பார்த்தார். டிங்கைவிட அவரிடம் நேரம் வெகு அதிகமாக இருந்தது, அதைச் செலவும் செய்தார். பார்த்தது புரிந்தபோது அவர் முகம் மாறியதை நேரலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று நகர்த்தல் கழித்து டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார்; பட்டம் குகேஷிடம் வந்தது.

டிங்கின் அந்தத் தவறை ‘நேர நெருக்கடி’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நகர்த்தலுக்கு 30 நொடி கூடிக்கொண்டிருந்தது. நொடிகள் இருந்தன, இரண்டரை வாரம் ஆடிய களைப்பில், அந்த நொடிகளைச் சந்தேகத்துக்குச் செலவிடும் தெம்பு இல்லை.

சென்னையின் இரண்டு பள்ளிகள்

ஆனந்தின் சீடர் பரம்பரையில் வந்தவராகப் பார்க்கப்பட்டாலும், குகேஷ் வேறு வார்ப்பு. ஆனந்த் பார்த்துவிடுபவர், குகேஷ் கணக்குப் போடுபவர். 2,500 தரப்புள்ளியை நெருங்கும்வரை கணினி எஞ்சின் பக்கமே போகாமல் அவரை வளர்த்தவர் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. விடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், தானே கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அப்படி வந்தது. பிரக்ஞானந்தா, வைஷாலி போன்றவர்களை உருவாக்கிய ஆர்.பி. ரமேஷும் கணக்குப் போடும் பயிற்சிக்கென்றே ஒரு தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். இந்தப் பள்ளியில் காயைத் தொடாமல், மனதுக்குள்ளேயே கடைசி வரை போய்த் திரும்புவதுதான் சாதகம். பலன் கிளாசிக்கலில் தெரிகிறது. விலையும் தெரிகிறது: ரேபிட், பிளிட்ஸ் இரண்டிலும் குகேஷின் தரப்புள்ளி அவருடைய கிளாசிக்கல் அளவுக்கு இல்லை.

நேரம் அவரையும் கடித்திருக்கிறது. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று நின்றவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவிடம் ஜெயிக்கும் நிலையிலிருந்து தோற்றார். நொடிகள் ஓடிக்கொண்டிருக்க, டிராவுக்கு இறங்கிவராமல் வெற்றியைத் தேடியதில் குதிரையைத் தவறவிட்டார். பலகையின் முன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பையனைத் தமிழ்நாடே பார்த்தது. குகேஷ் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம்; தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. 2024 கேண்டிடேட்ஸில், டொரோண்டோவில், ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் மீண்டும் நேர நெருக்கடியில் ஒரு தோல்வி. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தெளிவு வந்தது என்று குகேஷ் சொல்லியிருக்கிறார். அந்தப் போட்டியை வென்றுதான் சிங்கப்பூர் போனார்.

2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் வைசன்ஹவுஸில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் அவருக்கு எட்டாவது இடம். ஃப்ரீஸ்டைலில் கடைசி வரிசைக் காய்களைக் குலுக்கிப்போட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்கள். சேஸும் சைமனும் ஐந்து நொடி காட்டிய அந்தக் கலைத்துப்போட்ட பலகைக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. மனப்பாடத் தொடக்கங்களுக்கு அங்கே வேலையில்லை. முதல் நகர்த்தலிலிருந்தே கடிகாரம் உறுத்தும். கார்ல்சன் இதை விரும்பி வளர்ப்பதில் ஆச்சரியம் இல்லை. அவருடைய பலம் அதுதான்.

அந்த கார்ல்சனே அதே ஆண்டு ஜூன் 1 அன்று, நார்வேயின் ஸ்டாவாங்கரில் நடந்த நார்வே செஸ் போட்டியில், குகேஷுக்கு எதிராகக் கிளாசிக்கல் ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஏறக்குறைய முழுநேரமும் மேலாதிக்கம் செலுத்தினார். குகேஷ் தோற்கவே இருந்தார், ஆனால் கை கொடுக்க மறுத்தார். நார்வே செஸ் அமைப்பாளர்கள் 40 நகர்த்தலுக்குப் பிறகு கூட்டிக்கொடுப்பது 30 நொடி அல்ல. வெறும் 10 நொடி. 52ஆவது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையை இ2-வில் வைத்து செக் கொடுத்தார். வழக்கமாக செக் என்றால் நல்லதுதானே! ஆனால் அந்த செக்கில் ஆட்டமே கவிழ்ந்தது. சில நகர்த்தல்கள் கழித்து அவர் மேஜையை முட்டியால் குத்தினார், காய்கள் துள்ளின. கிளாசிக்கலில் கார்ல்சனுக்கு எதிராக குகேஷின் முதல் வெற்றி.

அந்தக் குத்து உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன் அவர் ஐம்பது நகர்த்தல்களாக உலக சாம்பியனை நெரித்ததை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. 10 நொடியா, 30 நொடியா என்பதை முடிவுசெய்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். அங்கே கிளாசிக்கல் ஆட்டம் டிரா ஆனால் உடனே ஆர்மகெடான் வேறு உண்டு: வெள்ளைக்குப் பத்து நிமிடம், கறுப்புக்கு ஏழு, டிரா ஆனால் கறுப்புக்கு வெற்றி. டிக்கெட் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதற்குத்தான் நாற்காலியின் நுனிக்கு வருகிறார்கள்.